கவட்டையும் அரிவாளும்

கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இளையவள் கைப்பையிலிருந்து மூன்று கண்ணாடிக் குப்பிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக நிறுத்தினாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். உள்ளே, ஸ்பிரிட்டில் ஊறி நிறம் வெளுத்த மரவட்டைகள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மூத்தவளுக்கு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாது. ஆனால் சுருக்கு தன் கழுத்துக்குத்தான் என்பது மட்டும் அந்தக் குப்பிகளை அவள் வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

மூத்தவள், இளையவள் என்பதெல்லாம் வீட்டு உறவு. அண்ணனைக் கட்டியவள் மூத்தவள்; தம்பியைக் கட்டியவள் இளையவள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வில்லை தேய்ப்பார்கள், ஒரே தட்டில் பிஸ்கட் தின்பார்கள், அவர்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை. ஒரே வீட்டின் கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேல்தளம் தம்பிக்கு. ஓரகத்திகள் இருவரும்தான் ஆகாதவர்கள். போதாக்குறைக்கு வேலையும் ஒரே இடத்தில், அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில். மரவட்டை பூச்சியே இல்லை என்று மூத்தவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சலித்துவிட்டாள். பிரிவின் பெயர் மாறவில்லை.

இளையவளை அந்த வேலைக்குக் கொண்டுவந்ததே மூத்தவள்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் மாணவியாக வந்தாள். மூத்தவள்தான் அவளைக் கூடக் கூட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்து, இடுக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தவளைக் கொழுந்தன் பார்த்தான். அதோடு சரி. "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்று மூத்தவள் இன்றைக்கும் சொல்வாள்.

அவளுடைய பதினோரு வருட உழைப்பு ஒரே ஒரு கோடு.

காட்டில் இரண்டு வகை மரவட்டை இருந்தன. தட்டையான முதுகு, கரும்பழுப்பு உடம்பு, ஓரத்தில் மஞ்சள் புள்ளி. தொட்டால் சுருண்டுகொண்டு கசப்பு பாதாம்போல ஒரு வாடையை விடும். அக்காள் தங்கைபோல அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் ஆணிடம் மட்டும்தான். ஏழாவது வளையத்தில் கால்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கொக்கிகள் இருக்கும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒரு வகைக்குக் கொக்கியின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். மற்றதற்கு ஒரே வளைவாக வளைந்திருக்கும். பிளந்ததைக் கவட்டை என்றும் வளைந்ததை அரிவாள் என்றும் அந்தப் பிரிவில் எல்லோரும் சொன்னார்கள்.

மேற்கே கவட்டை, கிழக்கே அரிவாள். இரண்டும் சந்திக்கும் இடத்தைத்தான் மூத்தவள் தேடிப்போனாள். ஒன்று மெல்லக் குறைந்து மற்றது மெல்லக் கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. கத்தியால் வகிர்ந்த மாதிரி ஒரு கோடு. வடக்கிலிருந்து தெற்காக முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு அவள் அதைப் பின்தொடர்ந்தாள். இரண்டும் கலந்திருந்த பட்டை எங்கேயும் இருநூறு தப்படிக்கு மேல் அகலமில்லை. நடுவே ஆறு கிடையாது, மேடு கிடையாது, மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று, மரமும் ஒன்று. கோடு தன் பாட்டுக்கு ஓடையைத் தாண்டிப் போனது, பாதையைக் குறுக்கே வெட்டிப் போனது. யாரும் காரணம் சொல்ல முடியாத ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது.

"இந்த மூணு குப்பியும் மரமறுக்கிற ஆலைக்கு மேற்கே எடுத்தது. நானே எடுத்தது, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி" என்றாள் இளையவள். "இருநூத்திப் பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. மேடம் போட்ட கோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் மேற்கே. பதிவேட்டுல கவட்டைன்னு மேடம் கைப்பட எழுதியிருக்காங்க. நேத்து நான் திறந்து பார்த்தேன். மூணுலயும் அரிவாள்."

வீட்டில் அக்கா, அலுவலகத்தில் மேடம். இந்த மேடத்தை அவள் பல்லில் கடித்துத் துப்புவதுபோலச் சொன்னாள்.

"இருக்காது" என்றாள் மூத்தவள்.

"நுண்ணோக்கி பக்கத்து ரூம்லதான் இருக்கு."

அருங்காட்சியக இயக்குநர் எழுந்தார். குரல் உயர்ந்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். மூத்தவள் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரே வளைவு. அடுத்தது. ஒரே வளைவு. மூன்றாவதைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள்.

"கோடு நேரா வரணும்னு கண்ணுக்கு வேண்டியதை எழுதியிருக்காங்க" என்றாள் இளையவள், இயக்குநரைப் பார்த்து. "இந்த மூணு மட்டும்தானா, இன்னும் எத்தனை குப்பின்னு யாருக்குத் தெரியும்?"

மூத்தவளுக்குக் காது சூடாகிவிட்டது. "நான் எழுதினப்போ உள்ள இருந்தது கவட்டை. இப்ப அரிவாள் இருக்குன்னா நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. எடுத்தது நீ. திறந்ததும் நீ. வேற யாரைக் கேக்கிறது?"

"நான் மாத்தினேன்னு சொல்றீங்களா?"

"வாயைத் திறந்து சொல்லணுமா என்ன?"

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் அண்ணன் தம்பி கடையில் வாங்கியதுதான்.

"ரெண்டு பேரும் போங்க" என்றார் கடைசியில். "அதே இடத்துக்கு, ஒண்ணா. அங்க என்ன கிடைக்குதோ அது. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் ஒரு குப்பியைக்கூடத் திறக்கக் கூடாது."

*

ஆறு மணி நேரப் பயணம். வண்டி ஓட்டியவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளில்லாத சாலையிலும் அடித்துக்கொண்டே போவார். மூத்தவள் முன்னால், இளையவள் பின்னால். மூத்தவள் ஜன்னலை இறக்கினால் இளையவள் இருமுவாள். ஏற்றினால் "மூச்சு முட்டுது" என்பாள், யாரிடமும் இல்லை, பொதுவாக.

மரமறுக்கும் ஆலையின் விடுதியில் இரண்டே கட்டில் போட்ட ஓர் அறை கிடைத்தது. இளையவள் தன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டாள். மூத்தவள் தன்னுடையதைக் கதவோரம் தள்ளினாள். நடுவில் இருந்த மேசையில் காலி குப்பிகள், ஸ்பிரிட், பென்சில், சீட்டு. அந்த மேசைமேல் மட்டும் இருவருக்கும் வேலை இருந்தது.

நான்கு நாள். காலையில் இறங்கி உளுத்த மரங்களைப் புரட்டுவார்கள், பட்டையை உரிப்பார்கள், சருகைச் சல்லடையில் அள்ளிச் சலிப்பார்கள். ஒருத்தி எடுத்தால் மற்றவள் பக்கத்தில் நிற்கவேண்டும். ஒருத்தி சீட்டு எழுதினால் மற்றவள் கையெழுத்துப் போடவேண்டும். பாதாம் வாடை விரலிலிருந்து போகவே இல்லை.

"அந்தக் கட்டையை நல்லாப் புரட்டலை" என்பாள் இளையவள்.

"நீ புரட்டு. உனக்குத்தான் வேணுங்கிறது எல்லாம் கிடைக்குமே."

"கிடைக்கிறதை நான் மறைக்கிறதில்லை."

ஹாரன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் நாள் தாங்கமுடியாமல், "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா காட்டுல நாலு பறவையாவது இருக்கும்" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவரை முறைத்தார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்தது அது ஒன்றுதான்.

நான்கு நாளில் நாற்பத்தொரு ஆண் மரவட்டை. கையோடு கொண்டுவந்த சின்ன நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக இருவரும் பார்த்தார்கள். நாற்பத்தொன்றும் கவட்டை. ஓர் அரிவாள்கூட இல்லை.

மூத்தவள் குப்பியை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "இப்ப என்ன சொல்றே?"

"ஒன்பது வருஷம் ஆச்சு. இருந்தது செத்திருக்கலாம்."

"சுத்தி ஒண்ணு விடாமச் செத்து, அந்த இடத்துல எல்லாம் கவட்டை வந்து குடியேறிடுச்சா?"

இளையவள் நுண்ணோக்கியைப் பெட்டியில் வைத்தாள். "கோட்டைக் காட்டுங்க" என்றாள். "மாணவியா இருந்தப்போ என்னை அங்க கூட்டிட்டுப் போகவே இல்லை. ஆலை, சுரங்க வழி, அவ்வளவுதான். மீதியை நீங்களே வச்சுக்கிட்டீங்க."

அது உண்மைதான். கோடு கிடைக்கப்போகிறது என்று தெரிந்தபோது மூத்தவள் தனியாகத்தான் போனாள். கூட ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தாள். அதை அவள் இப்போது ஒப்புக்கொள்ளவில்லை. "வா" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாம் நாள் கோட்டைக் குறுக்காக நடந்தார்கள். ஐம்பது தப்படிக்கு ஓர் இடம் என்று நின்று தேடினார்கள். கவட்டை, கவட்டை, கவட்டை. பிறகு ஓரிடத்தில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரம். இளையவள் பட்டையைப் பிளந்தாள். உள்ளே ஏழெட்டு மரவட்டைகள் நெளிந்தன. நான்கு ஆண்கள். தரையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்தவள் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"மூணு கவட்டை" என்றாள். "ஒண்ணு அரிவாள்."

"ம்."

இன்னும் நூறு தப்படி நடந்தார்கள். அரிவாள். அதற்கப்புறம் அன்று மாலைவரை அரிவாளைத் தவிர வேறொன்றுமில்லை.

ஹாரன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். "நடுவுல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லை" என்றாள் மூத்தவள்.

"வேலி? பள்ளம்?"

"எதுவும் இல்லைங்க. நீங்கதான் நடந்து வந்தீங்களே."

"அப்புறம் எதுக்கு அது இந்தப் பக்கம் வரமாட்டேங்குது?"

மூத்தவள் தோளைக் குலுக்கினாள். அந்தக் கேள்விக்குப் பதினோரு வருடமாக அவளிடம் பதிலில்லை. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததுமில்லை. பின்னால் நின்ற இளையவள் அந்த விழுந்த மரத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தா பெருகாது" என்றாள் மெல்ல. "தப்பான ஜோடி சேர்ந்தா முட்டை வீணாப் போகும். கொஞ்சமா வர்றது எதுவோ அதுக்குத்தான் நஷ்டம். அதனால ரெண்டு பக்கமும் அப்படியே நிக்குது."

"பார்த்தியா நீ?"

"இல்லை. தோணுது."

"தோணுறதையெல்லாம் குப்பியில போட்டு வைக்கிறதுதானே உன் வழக்கம்."

இளையவளின் முகம் சுண்டிப்போனது. "கோடு இருக்கு. நான் ஒத்துக்கிறேன்" என்றாள். "நேரடியாப் பார்த்தேன், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த மூணு குப்பியை நான் தொடலை. நீங்க என்னைத் திருடின்னு சொல்றீங்க."

"ஆமா, சொல்றேன்" என்றாள் மூத்தவள்.

*

திரும்பி வந்த மறுநாளே மூத்தவள் புகார் எழுதினாள். மாதிரிகளை வேண்டுமென்றே மாற்றியது, நிறுவனத்தின் பெயரைக் கெடுக்க முயன்றது, விசாரணை வேண்டும். மூன்று பக்கம். இயக்குநர் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "நிரூபணம் ஆச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு இனிமே எங்கயும் வேலை கிடைக்காது. தெரியுமில்லே?"

"தெரியும்."

விசாரணை வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

வீட்டில் கொழுந்தன் படியிறங்கி வந்து கதவருகே நின்றான். "அண்ணி, என்ன இது?" என்றான். வேலைக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே வந்தால் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, சூழலை லேசாக்க நினைத்தோ என்னவோ, "மேல ஒரு ஜாதி மரவட்டை, கீழ ஒரு ஜாதி மரவட்டை, நடுவுல மாடிப்படி" என்றார்.

"சிரிப்பு வரலை" என்றாள் அவள். "உங்களுக்கு உவமை சொல்றதுக்காக நான் பதினோரு வருஷம் காட்டுல கிடக்கலை."

அவர் சாப்பிட உட்கார்ந்தார். "தம்பி ரெண்டு நாளாக் கடையில பேசவே இல்லை. இன்னிக்கு ஒரு வில்லையை உடைச்சிட்டான்" என்றார்.

புதன்கிழமை அவள் சேகரிப்பறைக்குப் போனாள். தகர அலமாரிகள் வரிசையாக நிற்கும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் ஒரு தடித்த நோட்டு தொங்கும். யார் எந்த நாளில் எந்த அலமாரியைத் திறந்தார்கள், எதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இளையவள் அந்த அலமாரியை எத்தனை முறை திறந்திருக்கிறாள் என்று பட்டியல் எடுத்துக்கொண்டு போனால் வெள்ளிக்கிழமை அவள் வாயடைத்துப்போவாள். பழைய நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பின்னோக்கிப் புரட்டினாள்.

இளையவளின் கையெழுத்து ஒரே ஒரு முறைதான் இருந்தது. கூட்டத்துக்கு முந்தைய நாள். அவள் சொன்னது அப்படியே.

இன்னும் புரட்டினாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தில் அதே அலமாரி எண். "மூடி சரியில்லாமல் ஸ்பிரிட் வற்றிய 37 குப்பிகள் புதிதாக மாற்றப்பட்டன." கீழே கையெழுத்து. அவளுடையது.

முதலில் அவளுக்கு அது வேறு யாரோ போட்ட கையெழுத்தாகத்தான் தோன்றியது. பிறகு அந்தப் பகல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பழைய குப்பிகளைத் திறந்து, மரவட்டைகளை ஒரு தட்டில் கிண்ணம் கிண்ணமாக வைத்து, சீட்டுகளை உறிஞ்சு தாளில் காயப்போட்டிருந்தாள். அன்றைக்குத்தான் கணவர் போன் செய்தார், தம்பி ஒரு பெண்ணைப் பார்த்து முடிவு பண்ணிவிட்டான், உன்னிடம் வேலை செய்கிறவள்தானாம் என்று. வெளியே போய்ப் பேசினாள், கத்தினாள், திரும்பி வந்து மீதி வேலையை முடித்தாள். போன் வந்ததால்தான் கை தவறியதா, முன்பே தவறியதா, அவளால் சொல்லமுடியவில்லை. ஆனால் தட்டில் ஒரு வரிசையில் பத்துக் கிண்ணம் வைத்தது நினைவிருந்தது.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். இருநூற்றுப் பதினொன்றிலிருந்து பத்துத் தள்ளினால் இருநூற்று இருபத்தொன்று. தட்டில் அது அடுத்த வரிசை. சீட்டில் "சுரங்க வழி, கிழக்கு" என்றிருந்தது. அரிவாள் இருக்கவேண்டிய இடம். மூன்று குப்பிகளையும் எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தாள்.

நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றிலும்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று சீட்டுகள் ஒரு வரிசை தள்ளி மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். பதிவேடு பொய்யில்லை, கோடும் பொய்யில்லை. இளையவளும் பொய் சொல்லவில்லை. கண்ணெதிரே இருந்ததைத்தான் சொன்னாள். தவறு செய்த கை ஒன்றுதான், அது இப்போது அவள் மடியில் கிடந்தது.

யாருக்கும் தெரியாது. ஆறு குப்பிகளையும் சரியாக மாற்றி வைத்துவிட்டு, நோட்டை எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. அந்தப் பழைய நோட்டை இனி ஒருவரும் புரட்டப்போவதில்லை. கோடு நிற்கும். மேல்தளம் காலியாகும். அந்த நினைப்பு அவளுக்கு ஒரு நிமிடம் இனித்தது. இனித்தது என்பதை உணர்ந்தபோது உடம்பு கூசியது. ஆனாலும் அவள் அன்று யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. படியில் இளையவள் எதிரே வந்தாள், ஒதுங்கி நின்று வழிவிட்டாள், இவள் தாண்டிப் போனாள். கணவர் என்ன ஆச்சு என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநரோடு வெளியிலிருந்து வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் ஒரு கோப்பு நிறையத் தாள்களோடு வந்திருந்தாள். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது.

மூத்தவள் உட்காரவில்லை. ஆறு குப்பிகளையும் நோட்டையும் மேசையில் வைத்தாள்.

"புகாரை வாபஸ் வாங்கறேன். நான் எழுதினது பொய்."

"பொய்யா?" என்றார் இயக்குநர்.

"தெரிஞ்சு எழுதலை. ஆனா பொய்தான். குப்பி மாத்தினது நான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. மூணு சீட்டு ஒரு வரிசை தள்ளி மாறிடுச்சு. இருநூத்திப் பதினொண்ணுல இருக்கவேண்டியது இருநூத்தி இருபத்தொண்ணுல இருக்கு. கையெழுத்து இதோ இருக்கு. இவ மேல ஒரு தப்பும் இல்லை."

வெளியாட்கள் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். இளையவள் நோட்டைப் பார்க்கவில்லை. மூத்தவளைத்தான் பார்த்தாள்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

"ஆமா."

"ரெண்டு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

இயக்குநர் இருமினார். இளையவள் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த ரெண்டு நாள்ல நான் என் புருஷன்கிட்ட ஊரை விட்டே போயிடலாம்னு சொன்னேன். எங்க அம்மாகிட்ட சொல்ல வார்த்தை தேடிட்டிருந்தேன். நீங்க யோசிச்சிட்டிருந்தீங்க."

"ஆமா" என்றாள் மூத்தவள் மறுபடியும்.

"இது இந்த ரூமுக்குள்ள முடியக்கூடாது. அச்சுல வரணும். உங்க பேர்ல. எப்படி மாறுச்சு, யாரு மாத்தினது, என்னைப் பத்தி என்ன சொன்னீங்க, எல்லாம்."

"வரும்." மூத்தவள் கொஞ்சம் நிறுத்தினாள். "கோட்டுக்காகப் பொய் எழுதினேன்னு நீ சொன்னதையும் வாபஸ் வாங்கு."

"வாங்கறேன். மன்னிப்பு கேக்கமாட்டேன்."

"நானும் கேக்கலை."

"தெரியும்" என்றாள் இளையவள். "உங்களுக்கு வராது."

*

திருத்தக் குறிப்பு ஆய்விதழின் அடுத்த வெளியீட்டில் வந்தது. ஒன்றரைப் பக்கம். மூத்தவள் எதையும் மழுப்பவில்லை. படித்த நண்பர்கள் இவ்வளவு எழுதவேண்டியிருக்கவில்லையே என்றார்கள். அந்த மாதமே இளையவள் வேறொரு ஊரின் ஆய்வகத்துக்கு விண்ணப்பம் போட்டுப் போய்விட்டாள். கொழுந்தன் வாரத்தில் நான்கு நாள் கடையில், மூன்று நாள் அங்கே. மேல்தளத்தை வாடகைக்கு விடலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். கடையில் இரண்டு பேரும் பழையபடி ஒரே தட்டில் பிஸ்கட் தின்றார்கள். ஆனால் வீட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் தபாலில் வந்த இதழைப் பிரித்தபோது மூத்தவள் அந்தப் பெயரைப் பார்த்தாள். நின்றபடியே படித்தாள்.

கோட்டை இளையவள் தெற்கே இன்னும் நாற்பது கிலோமீட்டர் கொண்டுபோயிருந்தாள். வடக்குப் பகுதிக்கு மூத்தவளின் வரைபடத்தைப் பெயரோடு, பக்க எண்ணோடு முறையாகக் குறிப்பிட்டிருந்தாள். நன்றி சொன்ன பட்டியலில் ஹாரன் பெயர்கூட இருந்தது. இவள் பெயர் இல்லை. அதையெல்லாம் மூத்தவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது கடைசி நான்கு பக்கம்.

கோட்டிலிருந்து பத்துப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே போய், இரண்டு பக்கமும் பருவமடையாத பெண் மரவட்டைகளைப் பிடித்து வந்திருந்தாள். அவ்வளவு தூரம் உள்ளே பிடித்தால் பெண் எந்த வகை என்பதில் சந்தேகமே வராது. மண் போட்ட டப்பாக்களில் வளர்த்துப் பெரிதாக்கி, கவட்டை ஆணோடு அரிவாள் பெண், அரிவாள் ஆணோடு கவட்டை பெண் என்று சேர்த்திருந்தாள். சேர்ந்தன. தயங்காமல் சேர்ந்தன. முட்டையும் வந்தது. அறுபது டப்பாவில் ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை. அதே வகையோடு சேர்ந்தவற்றில் குஞ்சு குஞ்சாக வந்திருந்தது. எதிர்ப்பக்கம் வழிதப்பிப் போகும் ஒவ்வொன்றும் தன் முட்டையைத் தொலைக்கிறது. அதனால்தான் நடுவில் எதுவும் இல்லாமலே இரண்டும் நிற்கின்றன என்று எழுதியிருந்தாள்.

பதினோரு வருடமும் பக்கத்திலேயே கிடந்த கேள்வி. எடுத்துப் போட்டு வளர்த்துப் பார்க்க மூத்தவளுக்குத் தோன்றவே இல்லை. கோட்டைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டாள்.

மதியம் கணவர் கேட்டார். "அவ கட்டுரை எப்படி இருக்கு? தம்பி ரெண்டு நாளா அதையேதான் சொல்லிட்டிருக்கான்."

"நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

"நல்லா இருக்குன்னு சொல்றேன்ல. ஒரு தடவை சொன்னா போதாதா?"

"அப்ப அவகிட்ட ஒரு வார்த்தை..."

"முடியாது."

சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். அந்த அட்டவணைகளை அன்று முழுவதும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஓர் எண்ணாவது தவறியிருக்கும் என்று தேடினாள். தவறவில்லை. மண்ணின் ஈரம், டப்பாவின் சூடு, பெண்ணின் வயது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். காகிதத்தில் பார்த்து ஆகாது என்று தெரிந்ததும் ஹாரனைக் கூப்பிட்டாள்.

"காட்டுக்கு வண்டி வேணும்."

"எந்தப் பக்கம்மா?"

"ரெண்டு பக்கமும்."

நூற்றிருபது கலப்பு டப்பா வைத்தாள், இளையவள் வைத்ததைப்போல இரண்டு மடங்கு. தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஈரம் பார்த்தாள், மாலையில் எல்லோருக்கும் பிறகு போனாள். பூச்சிப் பிரிவில் அவளிடம் பேச எல்லோரும் பயந்தார்கள். ஒரு முட்டை போதும், ஒரே ஒரு கலப்புக் குஞ்சு வெளியே வந்தால் போதும், அந்த நான்கு பக்கமும் சரிந்துவிடும். அவள் அதைத்தான் விரும்பினாள். விரும்பியதை யாரிடமும் மறைக்கவுமில்லை. இயக்குநர் வந்து எட்டிப் பார்த்து, "என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டபோது, "தப்பா இருக்கணும்னு எதிர்பார்க்கிறேன்" என்றாள்.

வளர்ந்து, சேர்ந்து, முட்டையிட்டு, காத்திருந்து எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கலப்பு டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மண்ணை ஊதி ஊதிப் பார்த்தாள். முட்டைகள் கறுத்து, பூஞ்சை பிடித்து, சுருங்கிக் கிடந்தன. கடைசி டப்பாவை இரண்டு முறை பார்த்தாள்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. நூற்றிருபது டப்பாக்கள், இத்தனை முட்டைகள், பொரித்தவை எதுவுமில்லை. முந்தைய ஆய்வின் முடிவு எல்லா வகையிலும் சரி. பாராட்டாக ஒரு சொல் சேர்க்கலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். சேர்க்கவில்லை. இளையவளின் பெயரை மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறோமா என்று சரிபார்த்து, ஆய்விதழின் முகவரி எழுதிய உறையில் போட்டு ஒட்டினாள்.